ஆறடி நிலையும் நான்கு தலைமுறை வண்டியும்

பள்ளத்தூரில் அந்த வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். செட்டிநாட்டில் இது அதிசயமில்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே போனால் கடைசியில் வண்டிக் கொட்டகை வரும். 2025 ஜூலையில் நான் போனபோது கொட்டகையில் நின்றது ஒரு சிவப்பு ஸ்விஃப்ட் டிசையர். 2009 அக்டோபரில் பதிவானது, பெட்ரோல், டிஎன் 63.

விபத்தில் அடிபட்ட வண்டிகளுக்கு நஷ்டம் மதிப்பிடும் சர்வேயராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதனால் வண்டி வாங்கும் எல்லாரும் என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் முன்பணம் கொடுத்த பிறகு கூப்பிடுவார்கள். இவர் முன்னாலேயே கூப்பிட்டார். பெரியவருக்கு 71 வயது. இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"கிளட்ச் மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்புட்டாரு தம்பி. ஆட்டோமேட்டிக்கா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. புதுசா பழசாங்கறது உங்க பாடு" என்றார்.

வழக்கமாக நான் முதலில் கேட்பது பட்ஜெட் இல்லை, வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். எல்லாரும் குத்துமதிப்பாகச் சொல்வார்கள், அது எப்போதும் நிஜத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். இவர் பேசாமல் எழுந்து போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். 2009 முதல் போட்ட ஒவ்வொரு பெட்ரோலும், அன்றைய கிலோமீட்டரோடு, பேரேடு எழுதுவதுபோல எழுதியிருந்தது. பர்மாவில் வட்டிக்கடை வைத்த பரம்பரை. கணக்கு எழுதாத வண்டி அவருக்கு ஓடாது. பார்த்தேன்: வருஷத்துக்கு 6,500 முதல் 7,500 கி.மீ. வாரம் இரண்டு முறை காரைக்குடி, மாதம் ஒரு முறை மதுரை ஆஸ்பத்திரி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, பங்காளி வீட்டு விசேஷங்கள், பேரப்பிள்ளைகள் வந்தால் திருச்சி விமான நிலையம்.

டீசல் பேச்சு இந்த நோட்டோடு முடிந்தது. 7,000 கி.மீ. ஓடும் வீட்டில் டீசலால் மிச்சமாவது வருஷத்துக்குப் பதின்மூன்றாயிரம், பதினாலாயிரம். ஒரு இன்ஜெக்டர் மக்கர் செய்தால் இரண்டு வருஷ மிச்சம் போய்விடும். போதாததற்கு மாருதியின் 1.3 லிட்டர் டீசல் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோதே நின்றுபோனது.

பழைய வண்டியையே வைத்துக்கொள்வது? 15 ஆண்டு முடிந்து, 5,000 ரூபாய் கட்டணம் கட்டி, 2029 வரை பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தார். இன்ஜினும் ஆரோக்கியம்தான். ஆனால் கிளட்ச் இருக்கிறது, ஏர்பேக் இல்லை. அத்தோடு சரி.

தலைமுறைக் கணக்கு

"எந்த வருஷ மாடல் வாங்கலாம்?" என்பது பெரியவரின் கேள்வி. என் அனுபவத்தில் அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணல். 2016 வண்டிக்கும் 2018 வண்டிக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம் என்று நினைப்போம். நடுவில் தலைமுறை மாறியிருந்தால் அது வேறு வண்டி.

அவர் வைத்திருந்த டிசையரையே எடுத்துக்கொண்டேன், அவருக்குப் புரியும் என்பதால். முதல் தலைமுறை 2008-ல் வந்தது. நீளம் 4,160 மி.மீ., இன்ஜின் 1.3 லிட்டர். அதற்கு முன்பே, 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள் நீளமும் பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் இன்ஜினும் இருந்தால் கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம் என்று விதி வந்துவிட்டது. அவருடைய 2009 வண்டி இரண்டிலுமே தேறாது. 2010-ல் 1.2 லிட்டர் இன்ஜின் வந்தது. 2012-ல் இரண்டாம் தலைமுறை 3,995 மி.மீ. நீளத்தில் வந்தது. வரிக்காக வாலை நறுக்கிய வண்டி அது. பின்பெட்டி 440 லிட்டரிலிருந்து 316-க்குச் சுருங்கியது. இன்றைக்கும் அதன் பின்பக்கத்தைப் பார்த்தால் தையல்காரர் துணி பற்றாமல் முடித்த சட்டை மாதிரி இருக்கும்.

2017-ல் வந்த மூன்றாம் தலைமுறையில்தான் அதே நான்கு மீட்டருக்குள் ஒழுங்காக வடிவமைத்தார்கள். பின்பெட்டி 378 லிட்டர் ஆனது. முக்கியமாக, அடிப்படை மாடல் முதலே இரண்டு ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் வந்தன. 2024 நவம்பரில் நான்காம் தலைமுறை, ஆறு ஏர்பேக். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வயதுவந்தோர் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம். முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட் 2018-ல் வாங்கியது இரண்டு.

ஆக, பழைய வண்டி என்றால் 2017-க்குப் பிந்தைய தலைமுறைகள் மட்டும் என்று கோடு போட்டேன். சந்தையில் மலிவாகக் கிடைப்பது இரண்டாம் தலைமுறைதான். அதில் ஏர்பேக் இல்லாத மாடல்கள் ஏராளம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

முதலில் பார்த்தது காரைக்குடியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் நின்ற 2019 டிசையர், ஏஎம்டி எனும் ஆட்டோமேட்டிக் வகை. சென்னைப் பதிவு, ஒரே உரிமையாளர், 38,000 கி.மீ. விலை சந்தையைவிட அறுபதாயிரம் குறைவு. பெரியவருக்குக் கண் பளபளத்தது. எனக்கு அந்த அறுபதாயிரம்தான் உறுத்தியது.

கதவைத் திறந்ததும் ஊதுபத்தி வாசம். தரைவிரிப்பு புத்தம் புதுசு. ஆறு வயது வண்டிக்குப் புது விரிப்பு எதற்கு? ஓட்டுநர் சீட் பெல்ட்டை முழுதாக, கடைசி வரை இழுத்தேன். சாதாரணமாக யாரும் அவ்வளவு இழுக்க மாட்டார்கள், கழுவுகிறவனும் இழுக்க மாட்டான். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒன்றரை அடியில் காப்பி நிறத்தில் ஒரு கோடு. சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தின் போல்ட் தலைகளில் துரு. ஸ்டெப்னி குழியின் மூலையில் விரலை விட்டால் மாவு போல வண்டல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ வண்டிகள் கழுத்தளவு நின்றன. இதுவும் அந்த வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி முதல் வருஷம் சமத்தாக ஓடும். அப்புறம் வயரிங் இணைப்புகளில் பச்சை பூக்கும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பெரும்பாலும் முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டி இருப்பது. அதற்குள் தண்ணீர் போயிருந்தால் ஏர்பேக் வேண்டிய நேரத்தில் விரியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வியாபாரியிடம் சண்டை போடவில்லை. "வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியும்.

நிலை

இதற்குப் பிறகு எனக்குப் பழைய வண்டி மேல் அலுப்பு வந்துவிட்டது. புதிய டிசையர் ஏஎம்டியே வாங்கிவிடுங்கள் என்று சொன்னேன். ஐந்து நட்சத்திரம், ஊருக்கு ஊர் மெக்கானிக், வேறென்ன வேண்டும்? சென்னையில் இருக்கும் மகனும் தொலைபேசியில் அதையே சொன்னார்: "அப்பச்சி, பழசெல்லாம் வேண்டாம். புதுசா எடுங்க, பாதி நான் தர்றேன்."

பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. நிலையில நுழையுமா?"

கொட்டகையின் வாசலில் தேக்கு நிலை. உள்ளளவு ஆறடி, அதாவது 1,829 மி.மீ. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்கும், பிறகு அம்பாசடருக்கும் போதுமானதாக இருந்தது. பழைய டிசையரின் அகலம் 1,690 மி.மீ. பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டர் இடைவெளி. பதினாறு ஆண்டாகக் கண்ணாடியை மடக்கிவிட்டு உள்ளே விட்டுப் பழகியிருந்தார். புதிய டிசையர் 1,735. பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. மடக்கிய கண்ணாடியும் உடம்பைவிடக் கொஞ்சம் துருத்தும் என்பதால் அதுவும் கரைந்துவிடும்.

இருபது வருஷம் வண்டிகளை அளந்து பிழைத்தவன், வண்டி போய் நிற்கும் இடத்தை அளக்கவில்லை.

நிலையைப் பெயர்த்து அகலப்படுத்தலாமே என்று கேட்டேன். வீடு ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பொது. ஒரு செங்கல்லை நகர்த்தவும் ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். அதில் இருவர் மலேசியாவில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. தெருவில் நிறுத்தலாமே என்றேன். உள்ளேயிருந்து பெரியவரின் மனைவி ஆச்சி, "காருக்காக வீட்டை மாத்துவாகளா? வீட்டுக்குத் தக்கன காரை வாங்குவாகளா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாடாவோடு உட்கார்ந்து திரும்பக் கணக்கிட்டோம். 2024 டிசம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை ஹோண்டா அமேஸ் 1,733. புதிய டிசையரும் அதுவும் அகலத்தில் அண்ணன் தம்பி. ஹூண்டாய் ஆரா 1,680, டாடா டிகோர் 1,677. இரண்டும் நுழையும். 2018-ல் வந்த இரண்டாம் தலைமுறை அமேஸ் 1,695, பழைய வண்டியோடு ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நீளத்தை வரி கட்டிப் போட்டுவிட்டது, எல்லாமே ஏறத்தாழ 3,995. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் பக்கவாட்டில்தான் வளர்கிறது. நுழைகிறவை மூன்றுமே ஏற்கெனவே கொஞ்சம் வயதான வடிவம், அல்லது பழைய வண்டி.

சரிவும் கியரும்

ஆராவும் டிகோரும் புதிதாகவே கிடைக்கும், ஏஎம்டியிலும் கிடைக்கும். அப்படியும் நான் தயங்கியதற்குக் காரணம் கொட்டகைச் சரிவு. தெருவைவிடத் தரை முக்கால் அடி உயரம். வண்டி ஒரு குட்டிச் சரிவில் ஏறித்தான் நிலைக்குள் போக வேண்டும்.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்தான், கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் மட்டும் இயந்திரம். நெடுஞ்சாலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் சரிவில், ஊர்ந்து ஏறும் வேகத்தில், கிளட்ச் பிடிக்கும் அந்தக் கணத்தில் ஒரு சின்ன உந்தல் இருக்கும். சாலையில் அது யாருக்கும் தெரியாது. பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டர் இடைவெளியில் தெரியும். அமேஸில் இருப்பது சிவிடி. இன்றைக்கு இந்த அளவு செடான்களில் சிவிடி அதில் மட்டும்தான். பெல்ட்டும் கூம்பு உருளைகளும் என்பதால் கியர் மாறும் இடமே கிடையாது. பிரேக்கை மெல்ல விட்டால் எறும்பு மாதிரி ஏறும். வேகமாக மிதித்தால் இன்ஜின் இரைந்துகொண்டே இருக்கும், வண்டி சாவகாசமாக வரும். பெரியவர் வேகமாக மிதிக்கிற ஆளில்லை.

நட்சத்திரக் கணக்கை மகனிடம் மறைக்கவில்லை. இரண்டாம் தலைமுறை அமேஸ் 2019-ல் குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. சோதனை கடினமான பிறகு 2024-ல் அதே வண்டிக்கு வயதுவந்தோர் பாதுகாப்பில் இரண்டுதான். மகன் ஒரு வாரம் பேசவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, நிலை மட்டும் அகலமாக இருந்திருந்தால் நானும் அவர் கட்சிதான்.

காத்திருந்த ஐந்து வாரம்

புதுக்கோட்டையில் ஒரு மருத்துவரிடம் 2021 நவம்பர் அமேஸ் சிவிடி இருந்தது. வெள்ளை நிறம், டிஎன் 55, 31,000 கி.மீ. ஆகஸ்ட் தொடக்கத்தில் 6.90 லட்சம் சொன்னார். 2018 வண்டி இன்னொன்று லட்ச ரூபாய் குறைவாகக் கிடைத்தது, நான் வேண்டாம் என்றேன். புதுத் தலைமுறையின் முதல் வருஷ வண்டியை என் கையால் யாருக்கும் வாங்கித் தந்ததில்லை. இந்த மாடலிலேயே 2018 ஏப்ரல், மே மாதங்களில் தயாரான 7,290 வண்டிகள் பவர் ஸ்டீயரிங் சோதனைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அழைத்துச் சரிசெய்து தந்தார்கள் என்பது உண்மை. இருந்தாலும் 2021 ஆகஸ்டில் முகம் மாற்றி வந்த பிறகான வண்டி கையில் இருக்கும்போது பின்னால் போவானேன்?

பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆகஸ்ட் 15 வந்தது. ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று செங்கோட்டையில் பிரதமர் சொன்னார். "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றேன். செப்டம்பர் 3-ல் முடிவாயிற்று: சின்னக் கார்களுக்குச் செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி, 22-ஆம் தேதி முதல் 18. அன்றுதான் நவராத்திரி தொடக்கமும்.

புது வண்டி விலை எட்டரை சதவீதம் இறங்கினால் பழைய வண்டிக்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? முதல் வாரம் மருத்துவர் அசையவில்லை. இரண்டாவது வாரம் 6.50. கடைசியில் 6.15-க்கு வந்தார். தனியாரிடம் வாங்கியதால் ஜிஎஸ்டி இல்லை, ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியது.

பெரியவர் இதற்கும் ஐந்தொகை போட்டார். புது டிசையர் ஏஎம்டி, விலை குறைந்த பின் ஏழரை லட்சத்துச் சொச்சம். ஆயுள் வரி 13 சதவீதம், இன்சூரன்ஸ் சேர்த்தால் ஒன்பது லட்சத்தைத் தாண்டும். ஆறு வருஷம் கழித்து விற்றால் எது எவ்வளவு தேயும் என்று இரண்டு பத்தியில் எழுதினார். பழையதில் ஏறக்குறைய ஒரு லட்சம் மிச்சம். "லட்சத்துக்காக இல்ல தம்பி, நிலைக்காக" என்று நோட்டை மூடினார்.

வண்டியைப் பார்த்தது

காலை ஆறு மணிக்குப் போனேன். இன்ஜின் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். சூடான வண்டி பொய் சொல்லும். பானட் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. நான்கு டயரின் தேதியும் 2021, கண்ணாடிகளும் அதே வருஷம். பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியை வைத்தேன். எல்லாப் பலகையும் 100 முதல் 130 மைக்ரான், ஓட்டுநர் கதவு மட்டும் 260. மறுபூச்சு. கேட்டதும் மருத்துவர் தயங்காமல் பில்லை எடுத்துக் காட்டினார்: ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பைக் உரசியது. கேட்காமலே காட்டியிருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

கியரை டி, ஆர் என்று மாற்றி மாற்றிப் போட்டு, எவ்வளவு நேரம் யோசிக்கிறது என்று பார்த்தேன். திருமயம் சாலையில் ஒரு மேட்டில் நிறுத்தி ஊர்ந்து ஏற்றினேன், நடுக்கம் இல்லை. சிவிடி எண்ணெய் மாற்றிய பில் இருந்தது. டயர்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் நான்கு வயது, இன்னும் ஒரு வருஷத்தில் மாற்ற வேண்டியவை. பேரத்தின் கடைசி இருபதாயிரம் அதில்தான் குறைந்தது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, வங்கிக் கடன் நீக்கத்துக்கு 35. எல்லாம் சீராக முடிந்தது. சிவப்பு டிசையர் கண்டனூரில் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. புது இன்சூரன்ஸ் போடுவதற்கு முந்தின நாள் இரவு பெரியவரிடமிருந்து போன். "தம்பி, என் நோட்டுல நோ கிளெய்ம் போனஸ் அம்பது சதவீதம்னு எழுதியிருக்கேன். நீங்க அனுப்பின கணக்குல அதைக் காணமே?" இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி வண்டிக்கு இல்லை, ஆளுக்கு. பழைய வண்டியை விற்றவர் சான்று வாங்கி அடுத்த வண்டிக்குக் கொண்டுபோகலாம். நான் ஊருக்கெல்லாம் சொல்லித்தருவது இதைத்தான். சான்றைக் கேட்க மறந்திருந்தேன். மறுநாள் காலை ஓடிப்போய் வாங்கினேன்.

அக்டோபர் 1, ஆயுதபூஜை அன்று பிள்ளையார்பட்டியில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டி பள்ளத்தூர் வந்தது.

ஏழு மாதம் கழித்து

4,300 கி.மீ. ஓடியிருக்கிறது. நோட்டின்படி காரைக்குடிக்குள் லிட்டருக்கு 13.4, மதுரைச் சாலையில் 16.8. பின்பெட்டி 420 லிட்டர், பேரப்பிள்ளைகளின் பெட்டிகள் மூன்றும் நின்றன. பழைய டிசையரைவிடச் சற்றே சின்னதாக இருந்தும் ஆச்சி கண்டுபிடிக்கவில்லை.

அவர் கண்டுபிடித்தது வேறு. பின் இருக்கைக்கு ஏசி காற்றுத்துளை இல்லை. மூன்றாம் தலைமுறை டிசையரில் உண்டு, இந்த அமேஸில் கிடையாது. ஆச்சி எப்போதும் பின்னால் உட்கார்கிறவர் என்பது எனக்குத் தெரியும், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கவே இல்லை. சித்திரை வெயிலில் மதுரைக்குப் போய் வந்த அன்று எனக்கு நல்ல பேச்சு விழுந்தது. இப்போது முன்னால் உட்கார்ந்து வருகிறார். ஐம்பது வருஷமாகக் கேட்டும் வராதவர் என்று பெரியவர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

போன வாரம் கொட்டகைக்குப் போனபோது தேக்கு நிலையின் இடப்பக்கம், முழங்கால் உயரத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். "அது பழைய வண்டி போட்டது தம்பி" என்றார் பெரியவர். குனிந்து பார்த்தேன். கீறலுக்குள் ஒட்டியிருந்த பெயிண்ட் வெள்ளை.